கணினிக்கு ஒரு சிடி பிளேயர் வேடம்

நண்பர் ஒருவர் வீடு காலி செய்தபோது கனமான ஒரு கருப்புப் பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். "தூக்கிப் போட மனசு வரலை. கம்ப்யூட்டரோட ஒத்துப்போகவும் மாட்டேங்குது. நீதான் இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் பண்ணுவியே, வச்சுக்கோ" என்றார். தொண்ணூறுகளின் நடுவில் செய்யப்பட்ட டாக் அது. (எழுத்தில் 'டாக்' என்று பார்த்தால் நாய்தான் நினைவுக்கு வருகிறது. டிஜிட்டல் சமிக்ஞையை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி என்று ஒவ்வொரு முறையும் நீட்டி முழக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) பின்பக்கம் மூன்று டிஜிட்டல் உள்ளீடுகள்: கம்பி வழி வரும் கோஆக்சியல் ஒன்று, வெளிச்சம் வழி வரும் டாஸ்லிங்க் (ஆப்டிகல்) ஒன்று, எக்ஸ்எல்ஆர் ஒன்று. யூஎஸ்பி கிடையாது. முன்பக்கம் மூன்று சின்ன விளக்குகள்: லாக் (உள்ளே வரும் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டால் எரியும்), 48 (வருவது 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் எரியும்), எம்ஃபசிஸ். மூன்றாவது விளக்கு எதற்கு என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே நுழையும் சமிக்ஞையை வாங்குவது சிஎஸ்8412 என்ற சிப். அதற்குப் பின்னால் 16 பிட் வாங்கி 8 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் செய்யும், அதாவது மாதிரிகளுக்கு நடுவே புதிய புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்க்கும் ஒரு ஃபில்டர். கடைசியில் எண்களை ஒலியாக்கும் சிப், பர்-பிரவுன் நிறுவனத்தின் பிசிஎம்63 இரண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் மரியாதையான கூட்டணி. இன்றைக்கும் பிசிஎம்63 என்றால் கண் விரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது ஒரே ஒரு துணைதான்: சிடி பிளேயர். அது ஒலியலையை அளந்த எண்களை, விநாடிக்கு 44,100 மாதிரிகளாக (44.1 கிலோஹெர்ட்ஸ்) அனுப்பும். மாதிரி ஒன்றுக்கு 16 பிட் அனுப்பும். பாட்டு ஓடினாலும் நின்றாலும் கடிகாரத் துடிப்பை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவைத் தானாகக் குறைக்காது, கூட்டாது. கணினி இந்த நான்கையும் மீறும். அடுத்த ஒன்றரை வருடம் நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த நான்கு மீறல்களைச் சுற்றித்தான். டாக்கின் வயது மட்டுமே ஒரு தடவைகூடக் காரணமாக இருக்கவில்லை.

முதல் நாள் கணினியின் பின்னால் இருந்த ஆப்டிகல் துளையில் கேபிளைச் செருகினேன். சத்தமே இல்லை. லாக் விளக்கு எரியவில்லை. டிரைவரை அழித்து மறுபடி நிறுவினேன், கேபிளைப் பழித்தேன், நண்பரைக்கூட கொஞ்சம் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் கேபிள் முனையில் இருந்த குட்டி பிளாஸ்டிக் மூடியை நான் கழற்றவேயில்லை. அது கண்ணாடி மாதிரி இருந்ததால் முனையே அதுதான் என்று நினைத்துவிட்டேன். டாஸ்லிங்க் கேபிள் வாங்குபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். கணினிப் பக்கம் செருகிவிட்டு மறுமுனையை உள்ளங்கைக்கு எதிரே காட்டினால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூடியைக் கழற்றியதும் விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது. ஆனால் சில பாடல்கள் மட்டும். உயர்தரம் என்று தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருந்த 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைப் போட்டால் லாக் விளக்கு அணைந்துவிடும், ஆழ்ந்த மௌனம். காரணம் எளிது. சிஎஸ்8412 ஏறக்குறைய 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் சிப். அதே கால் அமைப்போடு 96 வரை போகும் சிஎஸ்8414 பின்னால் வந்தது, அதை மாற்றிப் பொருத்திவிடலாமா என்று ஒரு வாரம் ஆசையோடு அலைந்தேன். பிறகுதான் உறைத்தது. வாங்கும் சிப் 96ஐப் பிடித்தாலும், பின்னால் இருக்கும் ஃபில்டர் அதை 8 மடங்காக்கி 768 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாசலை அகலமாக்கி என்ன பயன், உள்ளே இருப்பது சின்ன அறைதானே. சால்டரிங் அயர்னை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சரியான வழி, வேகத்தைக் கணினியிலேயே குறைப்பது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 88.2, 176.4 கோப்புகளை 44.1க்கும், 96, 192 கோப்புகளை 48க்கும் இறக்கினேன். முழு எண்ணால் வகுபடும் என்பதால் இப்படி. நல்ல மென்பொருள் எந்த விகிதத்தையும் சுத்தமாகவே மாற்றும் என்பது உண்மைதான், ஆனால் காரணமில்லாமல் சுற்றுவழியில் போவானேன். டிஎஸ்டி (ஒரே பிட்டை மிக அதிக வேகத்தில் பதியும் முறை) கோப்புகளுக்கும் 44.1தான் பொருத்தம், ஏனென்றால் அடிப்படை டிஎஸ்டியின் 2.8224 மெகாஹெர்ட்ஸ் என்பதே 44.1இன் 64 மடங்கு. ஃபூபார்2000, எம்பிடி போன்ற பிளேயர்களில் சாக்ஸ் வகை ரீசாம்ப்ளரை (மாதிரி வேகத்தை மாற்றும் செருகுநிரலை) போட்டு இதைத் தானாக நடக்கவைக்கலாம்.

அப்புறம் இயங்குதளம். பாட்டு 44.1, ஆனால் டாக்கின் முகப்பில் '48' விளக்கு விடாமல் எரிந்தது. பிளேயர் எதைக் கொடுத்தாலும் விண்டோஸ் அதைத் தன் கலவைக்கூடத்துக்குள் இழுத்துப் போட்டு, சவுண்ட் அமைப்பில் 'டிஃபால்ட் ஃபார்மட்' என்று பதிந்திருக்கும் ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். மின்னஞ்சல் வந்தால் அடிக்கும் மணியும் பாட்டும் ஒரே குழாயில் போக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குற்றம் சொல்ல முடியாது, ஆனால் நமக்கு வேண்டாம். பிளேயரில் வாசாப்பி எக்ஸ்க்ளூசிவ் என்ற வழியைத் தேர்ந்தால் கலவைக்கூடம் ஒதுங்கிக்கொள்ளும். பாட்டின் வேகம் அப்படியே டாக்குக்குப் போகும். மேக் கணினியில் ஆடியோ மிடி செட்டப் என்ற கருவியில் வேகத்தை நாமே கையால் மாற்ற வேண்டும், பாட்டுக்குப் பாட்டு அது தானாக மாறாது. லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலிச்சேவை இயல்பாக 48இல் நிற்கும். அனுமதிக்கப்பட்ட வேகங்களின் பட்டியலில் 44,100ஐயும் சேர்த்தால் பாட்டுக்கேற்ப மாறும். இன்னும் நேராகப் போக வேண்டுமென்றால் லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சாவின் வன்பொருள் முகவரியையே பிளேயரிடம் கொடுத்துவிடலாம்.

உண்மையில் பிட் மாறாமல் போகிறதா என்று எப்படித் தெரியும்? காதை நம்பினால் நம் ஆசைதான் கேட்கும். இன்னொரு நண்பரிடம் எச்டிசிடி விளக்குள்ள பழைய டாக் ஒன்று இருந்தது. ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு வந்தார். எச்டிசிடி என்பது தொண்ணூறுகளில் பசிபிக் மைக்ரோசானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முறை. 16ஆவது பிட்டுக்குள் ரகசியக் குறிப்பை ஒளித்து வைப்பார்கள். அந்தக் குறிப்பு கெடாமல் வந்தால்தான் டாக்கில் விளக்கு எரியும். எச்டிசிடி வட்டிலிருந்து எடுத்த ஒரு கோப்பை ஓட்டினோம். விண்டோஸின் பொதுவழியில் விளக்கு எரியவேயில்லை. எக்ஸ்க்ளூசிவ் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. பிளேயரின் ஒலியளவை 100இலிருந்து 99க்கு இறக்கினார், அணைந்தது. மறுபடி 100, எரிந்தது. ரெண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி அதையே பத்து நிமிடம் செய்துகொண்டிருந்தோம். எச்டிசிடி ஒலி உசத்தியா என்பது வேறு விவாதம், ஆனால் அந்த விளக்கைப்போல நேர்மையான சோதனைக் கருவி வேறில்லை. அது இல்லாதவர்கள் டிடிஎஸ் (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலியைச் சுருட்டிப் பதியும் முறை) வட்டிலிருந்து எடுத்த கோப்பை ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அனுப்பிப் பார்க்கலாம். பிட் கெடாமல் போனால் ரிசீவர் டிடிஎஸ் என்று அடையாளம் கண்டு பாடும், கெட்டால் இரைச்சல் வரும்.

இரைச்சல் என்றதும் நினைவு வருகிறது. கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும். ஒரு இரவு படம் பார்க்கலாம் என்று ஒரு கோப்பைத் திறந்தேன். வீடியோ பிளேயரில் 'பாஸ்த்ரூ' என்ற அமைப்பு எப்போதோ இயங்கவிட்டது அப்படியே கிடந்திருக்கிறது. டால்பி டிஜிட்டல் ஒலியைப் பிரிக்காமல் சுருட்டிய நிலையிலேயே ஆப்டிகல் வழியாக அனுப்பிவிட்டது. கூடவே, இது சாதாரண ஒலி அல்ல என்று ஒரு கொடியும் போகும். புதிய கருவிகள் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். என் டாக் அந்தக் கொடியைச் சட்டை செய்யாத தலைமுறை. வந்ததையெல்லாம் ஒலியாக்கி, முழு அளவில், ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு கத்தல். ஆம்ப் விசையை எட்டிப் பிடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. ட்வீட்டர் தப்பியது புண்ணியம். அன்றிலிருந்து எந்தப் புதிய மென்பொருளை நிறுவினாலும் முதலில் ஆம்பின் ஒலியளவைக் கீழே இறக்கிவிடுகிறேன். பிறகு விண்டோஸின் டிஜிட்டல் வெளியீட்டுப் பக்கத்தில் டால்பி, டிடிஎஸ் என்று டிக் போட்டிருப்பதை எடுத்துவிடுவது, வீடியோ பிளேயர்களில் பாஸ்த்ரூவை அணைப்பது. இது இரண்டும் பழைய டாக் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம்.

கடிகாரத் துடிப்பு நிற்கும் விஷயம் அவ்வளவு ஆபத்தில்லை, எரிச்சல் மட்டும்தான். பாட்டு முடிந்து சில விநாடிகளில் கணினி ஆப்டிகல் வெளியீட்டை உறங்கவைத்துவிடும். டாக்கில் லாக் போகும், உள்ளே ரிலே 'டக்' என்று தட்டும். அடுத்த பாட்டு தொடங்கும்போது டாக் விழித்து, துடிப்பைப் பிடித்து, மறுபடி 'டக்' என்று தட்டுவதற்குள் முதல் சொல் போயிருக்கும். பாடகர் எப்போதும் இரண்டாவது சொல்லில் தொடங்குவதாகவே பல நாள் கேட்டேன். லினக்ஸில் இந்த உறக்கம் இயல்பாக 5 விநாடியில் வரும், ஒலிச்சேவையின் அமைப்பில் அணைத்துவிடலாம். ஒலி அட்டையின் மின்சேமிப்பு அமைப்பையும் கூடவே பார்க்க வேண்டும். விண்டோஸில் நான் செய்தது கொஞ்சம் அசட்டு வேலை: ஒன்றுமேயில்லாத மௌனக் கோப்பு ஒன்றைப் பின்னணியில் சுழலவிட்டேன். எக்ஸ்க்ளூசிவ் வழியில் பாட்டு ஓடும்போது அது முரண்டு பிடிக்கும் என்பதால் பாட்டுப் பட்டியலின் முதலிலேயே இரண்டு விநாடி மௌனத்தைச் சேர்த்துக்கொண்டேன். பிறகு யூஎஸ்பியிலிருந்து ஸ்பிடிஃபுக்கு (கோஆக்சியல், ஆப்டிகல் துளைகளில் போகும் டிஜிட்டல் ஒலி முறைக்கு) மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கியதும் இந்தத் தொல்லையே போய்விட்டது. நான் இப்போது வைத்திருக்கும் பெட்டி, பாட்டு ஓடாதபோதும் துடிப்பை விடாமல் அனுப்புகிறது. எல்லாப் பெட்டியும் அப்படிச் செய்வதில்லை, வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் வாங்கியது மிக மலிவான ஒன்று. உள்ளே பிசிஎம்2704 வகைச் சிப், 16 பிட், அதிகபட்சம் 48. என் டாக்குக்கு அதுவே போதும் என்று கணக்குப் போட்டேன். கோஆக்சியல் கேபிளால் இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், மவுஸை அசைத்தால் கூடவே மெல்லிய கீச்சொலி. கோஆக்சியல் கேபிளின் வெளியுறை கணினியின் எர்த்தையும் ஆம்பின் எர்த்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. இரண்டும் தனித்தனி வழியில் சுவரிலும் இணைந்திருக்கின்றன. ஆக ஒரு பெரிய வளையம், அதற்குள் மின்சாரத்தின் ஹம். ஆப்டிகலில் இது வராததற்குக் காரணம், அதில் போவது வெறும் வெளிச்சம். சிலர் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு "சத்தம் நின்னுபோச்சு" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த முள் உயிரைக் காப்பதற்காக இருப்பது. வெளியீட்டில் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மாற்றியை வாங்குவது, யூஎஸ்பி ஐசொலேட்டர் போடுவது (இரண்டுமே எர்த் இணைப்பைத் துண்டித்து, சமிக்ஞையை மட்டும் கடத்தும்), இல்லையென்றால் பேசாமல் ஆப்டிகலுக்கே திரும்புவது, இவைதான் வழி. ஐசொலேட்டரிலும் ஒரு கண்ணி உண்டு: ஏடியுஎம்4160 சிப் போட்டவை 12 மெகாபிட் வேகத்துக்கு மட்டுமே. மலிவான பழைய மாற்றிக்கு அது போதும், புதிய அதிவேக மாற்றி அதன் வழியாகச் சரியாக ஓடாது.

இரண்டாவதாக வாங்கியது எக்ஸ்மாஸ் சிப் உள்ள அசிங்க்ரனஸ் மாற்றி. பேர்தான் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் சுலபம். மலிவான மாற்றி கணினி தள்ளிவிடும் வேகத்துக்குத் தன் கடிகாரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொள்ளும். அசிங்க்ரனஸ் மாற்றியில் கடிகாரம் அதற்கே சொந்தம், 44.1 குடும்பத்துக்கு ஒரு கிரிஸ்டல், 48 குடும்பத்துக்கு ஒன்று. கணினியிடம் "இன்னும் கொடு, இப்போது போதும்" என்று அதுதான் கட்டளையிடும். பழைய டாக்குக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஸ்பிடிஃபில் ஒலியும் கடிகாரமும் ஒரே கம்பியில் பின்னிக்கொண்டு வருகின்றன. டாக் அந்தப் பின்னலிலிருந்துதான் தன் கடிகாரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். புதிய டாக்குகள் வந்ததை உள்ளே சேமித்து, சொந்தக் கடிகாரத்தில் மறுபடி சீராக விடும் வித்தைகள் வைத்திருக்கின்றன. தொண்ணூறுகளின் பெட்டிக்கு அனுப்புகிறவர் ஒழுங்கே கதி.

வித்தியாசம் கேட்டதா? ஹம் நின்றது, லாக் ஒருபோதும் போகவில்லை, இது நிச்சயம். ஒலித்தன்மையில் மாற்றம் என்று முதல் நாள் சத்தியம் செய்திருப்பேன். பிறகு வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரியாமல் இரண்டு மாற்றிகளையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கேட்டேன். பத்தில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் அந்த அளவு வரும். ஆகவே அசிங்க்ரனஸ் வாங்குங்கள், நிலையாக ஓடுகிறது என்பதற்காக. 'திரை விலகியது' போன்ற வர்ணனைகளை நம்பி வாங்காதீர்கள். கேபிளுக்கும் அதே பேச்சுதான். ஸ்பிடிஃபுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும், அவ்வளவே. பழைய டிவிக்குப் போட்ட மஞ்சள் முனை வீடியோ கேபிள் பெட்டிக்குள் கிடந்தால் அதை எடுத்துப் போடுங்கள். நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஒலியளவு விஷயத்தில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். சோபாவில் உட்கார்ந்தபடி கணினியிலேயே குறைப்பது வசதி. இரவில் மெதுவாகக் கேட்டபோது பியானோ ஒலி தேயும் இடத்தில் ஒருவித மணல் உரசல். சுருதி அடங்கி மௌனத்துக்குள் கரைய வேண்டியது, கரையாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்புக்கும் ஏறக்குறைய ஒரு பிட் கீழே தள்ளப்படுகிறது. 36 டெசிபல் குறைத்தால் 6 பிட். 24 பிட் டாக்கில் கீழே இன்னும் இடம் இருப்பதால் ஒன்றும் தெரியாது. என் ஃபில்டர் வாங்குவது 16 பிட்தான். கணினி 24 பிட்டாக அனுப்பும்போது கடைசி 8 பிட்டுகளைச் சத்தமில்லாமல் வெட்டிப் போட்டுவிடும். வெட்டுவதுகூடப் பெரிய பிழையில்லை, டிதர் இல்லாமல் வெட்டுவதுதான் பிழை. டிதர் என்றால் வெட்டும் முன் காதுக்கு எட்டாத அளவு ஒழுங்கற்ற இரைச்சலைத் தூவுவது. அதனால் அந்த மணல் உரசல் பாட்டோடு ஒட்டாமல் மெல்லிய சீரான இரைச்சலாகக் கலைந்துவிடும். ஆகவே செய்ய வேண்டியது: பிளேயரின் வெளியீட்டை 16 பிட் என்று வைத்து, டிதரை இயக்குவது. ஒலியளவைக் கூடியவரை ஆம்பில் மாற்றுவது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டு அடுத்தபடியாக, ஒலியளவைக் கணினியில் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சமீப காலப் பதிவுகள் உச்சிவரை முட்டும் அளவில் தயாரிக்கப்படுகின்றன. மாதிரிப் புள்ளிகள் எதுவும் எல்லையைத் தாண்டாமலிருக்கலாம், ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எழும் உண்மையான அலை தாண்டலாம். பாடப்புத்தகக் கணக்கிலேயே, மாதிரி வேகத்தில் கால் பங்கு அதிர்வெண் கொண்ட ஒரு சைன் அலை, புள்ளிகள் சரியான இடத்தில் விழுந்தால் 3 டெசிபல் தாண்டும். ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டரின் வேலையே அந்த நடுப்புள்ளிகளைக் கணக்கிடுவதுதான். என் டாக்கின் ஃபில்டரைச் செய்தவர்கள் எண்பதுகளின் அடக்கமான சிடிகளை நினைத்துச் செய்திருக்க வேண்டும், தலைக்கு மேல் இடம் விடவில்லை. அதனால்தான் பழைய பதிவுகள் தேனாக வந்தபோது புதிய பாடல்கள் மட்டும் காதைக் கீறின. "டாக் புது இசைக்கு ஆகாது" என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். பிளேயரில் 3 டெசிபல் குறைத்து, 16 பிட், டிதர் என்று வைத்ததும் கீறல் போனது. அரை பிட் நஷ்டம். அதைக் கேட்கும் காது என்னிடம் இல்லை. ஸ்ட்ரீமிங் செயலி என்றால் ஒலியளவைச் சமன்செய்யும் நார்மலைசேஷன் அமைப்பை இயக்கினாலே முரட்டுப் பாடல்கள் பெரும்பாலும் தாமாக இறங்கிவிடும். அதிக விலை கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் இந்த ஒரு அமைப்பு தந்த பலனைத் தரவில்லை.

இடையில் அத்தை மகன் தன் பழைய யூஎஸ்பி டாக்கோடு வந்தான். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டைச் சேர்ந்தது, "மச்சான், இனி இது குப்பைதானே?" என்றான். செருகியதும் பாடியது. யூஎஸ்பியில் ஒலி அனுப்புவதற்கான பொது விதிமுறையின் முதல் பதிப்பை, அதாவது யூஎஸ்பி ஆடியோவின் முதல் வகுப்பைப் பேசும் கருவிக்குத் தனி டிரைவர் வேண்டாம். 24 பிட், 96 வரைதான் போகும், ஆனால் எந்தக் கணினியிலும் போகும். மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்து வந்த சில கருவிகள்: அதிக வேகத்துக்காக நிறுவனமே எழுதிய டிரைவரை நம்பியவை. விண்டோஸுக்குள் யூஎஸ்பி ஆடியோ இரண்டாம் வகுப்பு இயல்பாக வந்தது 2017இல்தான். அதற்கு முன்பு ஆளுக்கொரு டிரைவர் எழுதினார்கள். டிரைவரைக் கைவிட்ட பிறகு அந்தத் துளை செத்த துளை. அப்படியொரு டாக் கையில் இருந்தால் யூஎஸ்பியை மறந்துவிட்டு, அதன் கோஆக்சியல் உள்ளீட்டில் ஒரு மாற்றியைக் கொடுங்கள், பிழைத்துக்கொள்ளும். அத்தை மகனின் டாக்கில் அவ்வப்போது 'டிக்' சத்தம் வந்தது. ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியின் வேறொரு துளையில் செருகியதும் நின்றது.

மூன்றாவது விளக்குக்கு வருகிறேன். கணினியில் சில பழைய ஆல்பங்கள் மட்டும் மெலிந்து, கூர்மையாக, வயலின் ஊசி மாதிரி ஒலித்தன. கணினி ஒலி இப்படித்தான் என்று விட்டிருந்தேன். ஒருநாள் பரணில் கிடந்த பழைய சிடி பிளேயரைச் சும்மா டாக்கோடு இணைத்து, அதே ஆல்பத்தின் வட்டைப் போட்டேன். எம்ஃபசிஸ் விளக்கு எரிந்தது. முதல் முறையாக. ஒலியோ வட்டமாக, இதமாக வந்தது. ஆரம்ப கால சிடிகள் சிலவற்றில் உச்ச ஸ்தாயியை வேண்டுமென்றே உயர்த்திப் பதிவார்கள், 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 9.5 டெசிபல் வரை. கேட்கும்போது அதே அளவு குறைத்தால் இரைச்சலும் சேர்ந்து குறையும் என்பது திட்டம். உயர்த்தியிருக்கிறது என்ற குறிப்பு வட்டின் துணைத்தடத்தில் இருக்கும். சிடி பிளேயர் அதை டாக்குக்குச் சொல்லும், டாக் குறைத்துக்கொள்ளும். வட்டைக் கணினியில் கோப்பாக எடுக்கும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுப் போகிறது. உயர்த்திய ஒலி அப்படியே தங்கிவிடுகிறது. சொல்ல ஆளில்லாததால் டாக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. புதிய டாக் வாங்கியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது, காரணம்கூடத் தெரிந்திருக்காது.

சாக்ஸ் என்ற இலவச நிரலில் டிஎம்ஃபசிஸ் வடிகட்டி இருக்கிறது. கோப்பை அதில் ஓட்டி 24 பிட்டாக எழுதிக்கொண்டு, கேட்கும்போது பிளேயர் டிதரோடு 16க்கு இறக்கட்டும் என்று விட்டேன். எந்த வட்டு அப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். சில வட்டுகளில் பொருளடக்கப் பகுதியில் குறிப்பு இருக்காது, துணைத்தடத்தில் மட்டும் இருக்கும், அதனால் வட்டைக் கோப்பாக எடுக்கும் ரிப்பிங் மென்பொருளே தவறவிடும். எனக்கு இருக்கும் ஒரே நம்பகமான கருவி அந்த விளக்குதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்பதுகளின் வட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய பிளேயரில் போட்டு, விளக்கைப் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை 140 வட்டுகளில் பதினொன்று மாட்டியிருக்கின்றன. அலமாரியின் கீழ்த்தட்டு இன்னும் பாக்கி. டாக்கைக் கொடுத்த நண்பருடைய வட்டுகளும் இரண்டு பெட்டி நிறைய வந்து இறங்கியிருக்கின்றன.